சிவக்காத தண்ணீர்

அச்சங்குளம்
7.6.2007

தங்கை அருணாதேவிக்கு அண்ணன் காமராஜ் எழுதுவது.

இரண்டு வருஷமாக நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. சின்னவளுக்கு அத்தை இல்லாமலே காது குத்தினோம். அதைப் பேச இப்போது வரவில்லை. ஒரு வேலையாக எழுதுகிறேன்.

முதலாளி சிவகாசி ஆபீஸ் ஹாலில் எண்ணூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார். கடல் தண்ணீர், கடல் மீன், உயிருள்ள பவளம். சென்னையிலிருந்து ஒருவன் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது போனை எடுப்பதில்லை. நாலாம் நாள் பதினான்கு மீன் விட்டோம், ஒன்பது செத்து மிதந்தது. தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கிக் கிடக்கிறது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா போர்மேன், உப்பு, பொடி, கலவை எல்லாம் உனக்குத்தான் அத்துபடி. இதையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு வடநாட்டு டீலர்கள் ஆர்டர் போட வரும்போது தொட்டி ஜொலிக்க வேண்டுமாம். பட்டாசு ஃபேக்டரி போர்மேனுக்கு மீன் மேய்க்கிற வேலை. சிரித்துக்கொள்.

அவன் விட்டுப்போன ஆங்கிலக் காகிதத்தில் கால்சியம், அயோடின், ஸ்ட்ரான்சியம் என்று என்னென்னவோ ஊற்றச் சொல்லியிருக்கிறது. அதில் ஸ்ட்ரான்சியம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பெயர். வாணத்துக்குச் சிவப்பு வெளிச்சம் தருகிற நம் உப்பு.

நீ தூத்துக்குடியில் இறால் குஞ்சுப் பண்ணையில் தண்ணீர் டெஸ்ட் பண்ணுகிறாய் என்று செல்லக்கனி சொன்னாள். உன் மதினிக்கு மட்டும் எல்லாச் சேதியும் எப்படித்தான் வருகிறதோ. என்ன செய்வது என்று சொல். போன் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு நிமிஷப் பேச்சில் முடிகிற வேலை.

காமராஜ்


தூத்துக்குடி
13.6.2007

போர்மேன் திரு. காமராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கீழே இருந்த போன் நம்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போனில் பேசினால் பேசியதற்குச் சாட்சி இருக்காது. 2005 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ஃபேக்டரி கெமிஸ்டாக ஸ்டோர் வாசலில் நின்று, அலுமினியப் பொடி ஈரம் வாங்கியிருக்கிறது, சூடேறிப் பற்றிக்கொள்ளும், கலவைக்கு எடுக்காதீர்கள் என்று உங்களிடம் சொன்னேன். "சீசன் நேரம், ரிஜிஸ்தர்ல எழுதித் தொலைக்காத, நான் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். அண்ணன் சொல்கிறாரே என்று எழுதவில்லை. மறுநாள் கலவை போட்ட கருத்தப்பாண்டிக்கு இரண்டு கையும் வெந்தது. விசாரணையில் "கெமிஸ்ட் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை" என்றீர்கள். ரிஜிஸ்தரும் வெறுமையாக இருந்தது. வேலையும் போய், பேரும் போய், இங்கே இறால் குஞ்சுக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே எழுத்தில் மட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் தேதியும் கையெழுத்தும் வேண்டும். வியாழன்தோறும் எங்கள் பண்ணை வழியாக உப்பு லோடு ஏற்றிச் சிவகாசி வருகிற தனுஷ்கோடியின் லாரியில் நான்கு கேன் கடல் தண்ணீரும் கடிதமும் அனுப்புகிறேன். சாயந்தரம் அவர் திரும்பும்போது காலிக் கேனோடு பதிலையும் கொடுத்து அனுப்புங்கள்.

முதலில் ஒன்று. நம் கடலில் பவளம் எடுப்பது குற்றம். அந்தப் பவளம் நம் கடலில் எடுத்ததாக இருந்தால் ஒரு கேன் கூட வராது. பில்லைப் பாருங்கள்.

மீன் செத்ததற்குக் காரணம் அவசரம். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு நுண்ணுயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொன்று. கடைசியில் வருகிற நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. அந்த உயிர்கள் கல்லிலும் மணலிலும் பிடித்து வளர ஐந்தாறு வாரம் ஆகும். நீங்கள் நாலு நாளில் கொண்டுபோய் விட்டீர்கள். இனி புது மீன் கூடாது. இரை பாதி. வாரம் நான்கு கேன் தண்ணீர் மாற்ற வேண்டும். டெஸ்ட் கிட்டும் உப்பு அளக்கிற ஹைட்ரோமீட்டரும் அனுப்பியிருக்கிறேன். குழாயில் தெரிகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுதுங்கள்.

எந்த பாட்டிலையும் ஊற்ற வேண்டாம். கடல் தண்ணீரிலேயே எல்லாம் இருக்கிறது.

ம. அருணாதேவி


சிவகாசி
14.6.2007

அருணாதேவிக்கு,

போர்மேன் திரு. காமராஜ் அவர்கள் நலம். செல்லக்கனி அவர்களும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் மதியச் சோறு போடும்போது கரண்டியைச் சத்தமாக வைத்தாள். அவ்வளவுதான் நான் அதைப் பற்றி எழுதுவேன். ஃபேக்டரியில் இருநூறு பேருக்கு வேலை போகாமல் பார்க்க வேண்டியவன் நான். அது உனக்குப் புரியாது.

பில் இருக்கிறது. பவளம் இந்தோனேசியாவிலிருந்து விமானத்தில் வந்தது என்று போட்டிருக்கிறது, சீலும் இருக்கிறது.

இன்றைய எண்: அம்மோனியா 1. நைட்ரைட் 2. நைட்ரேட் 5. ஹைட்ரோமீட்டர் 1.032. தொட்டியில் தண்ணீர் தினம் எட்டு லிட்டர் குறைகிறது. நம் ஊர் வெயிலும் அந்த விளக்குச் சூடும் சேர்ந்து குடிக்கிறது. குறைகிற அளவுக்குச் சென்னைக்காரன் கேன்களில் விட்டுப்போன கடல் தண்ணீரையே ஊற்றி வருகிறேன், ஒரு சொட்டு கூட வேறு இல்லை. அப்படியும் மீன் ஒன்று மூச்சு வாங்குகிறது.

காமராஜ்


தூத்துக்குடி
20.6.2007

போர்மேன் அவர்களுக்கு,

குறைகிற இடத்துக்குக் கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். அதன் மேல் நீங்கள் மேலும் மேலும் உப்பை ஊற்றியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் உப்பளத்தில் செய்வதைத்தான் நீங்கள் ஆபீஸ் ஹாலில் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கேன்களில் வருவது வாரம் ஒரு முறை மாற்ற. தினம் குறைவதற்கு நல்ல தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம், அதைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்று மதினிக்குத் தெரியும். குடிதண்ணீர் கேன் விற்கிறார்களே, அந்த ஆர்.ஓ. தண்ணீர் போதும். 1.032-ஐ 1.025-க்கு ஒரே நாளில் இறக்காதீர்கள், நான்கு நாள் எடுங்கள்.

இத்துடன் ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. அதில் நைட்ரேட் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. உங்கள் கிட்டில் பார்த்து எண்ணை எழுதுங்கள். கிட் சரியா, பார்க்கிற ஆள் சரியா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

எனக்குப் பிறகு ஃபேக்டரியில் கெமிஸ்ட் யார்?

ம. அருணாதேவி


சிவகாசி
12.7.2007

அருணாதேவிக்கு,

மூன்று வாரம் எண்களை மட்டும் எழுதி அனுப்பினேன். இன்று நாலு வரி எழுதலாம் என்று தோன்றுகிறது.

உன் பாட்டிலில் பத்து. ஆரஞ்சு நிறம். இதைப் போன மாதமே எழுதினேன், நீ சரி என்று ஒரு வார்த்தை கூடப் பதில் போடவில்லை. இருபது வருஷம் மருந்துக் கலவையில் நிறம் பார்த்தவனுக்கே பரீட்சை வைக்கிறாய். தேறினேனா இல்லையா என்றாவது சொல்லு.

அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 5. ஹைட்ரோமீட்டர் 1.025, கோடு போட்ட மாதிரி நிற்கிறது. ஜூன் கடைசியில் பவளம் விரிந்தது பார், பச்சையும் ஊதாவுமாக, நம் மத்தாப்பு தோற்றது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு அரைமணி உட்கார்ந்திருந்தார். டீலர்கள் வருகிற அன்று தொட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டுமாம். பட்டாசு விற்கிற இடத்தில் போர்மேனை யாரும் நிற்கச் சொன்னதில்லை.

நான்கு நாளாகப் பவளம் சுருங்கித்தான் இருக்கிறது. பச்சை வெளிறியது மாதிரித் தெரிகிறது. மீன்களுக்கு ஒன்றுமில்லை. ஒரு நல்ல சேதி: முன்பெல்லாம் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கண்ணாடியில் பாசி தேய்ப்பேன். இப்போது தேய்க்கவே வேண்டாம், பளிங்கு மாதிரி இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு சுத்தம்.

கெமிஸ்ட் யாரும் இல்லை. சப்ளையர் கொடுக்கிற சர்டிபிகேட்டை ஃபைலில் வைக்கிறோம். எல்லா கம்பெனியிலும் அப்படித்தான்.

காமராஜ்


தூத்துக்குடி
18.7.2007

போர்மேன் அவர்களுக்கு,

தேறினீர்கள். பாட்டிலில் பத்துதான் இருந்தது. கிட் சரி, உங்கள் கண்ணும் சரி.

ஆனால் கண்ணாடி பளிங்கு மாதிரி இருப்பது நல்ல சேதி இல்லை. விளக்கு அப்படியே இருக்கிறது, மீன் இருக்கிறது, இரை விழுகிறது. பாசி வந்தே தீர வேண்டும். பவளத்தின் நிறமும் அதன் உடம்புக்குள் குடியிருக்கிற பாசியால் வருவதுதான். பாசி மட்டும் சாகிறது, மீன் சாகவில்லை என்றால், பாசியைக் கொல்கிற ஏதோ ஒன்று தண்ணீரில் இருக்கிறது. நான் அனுப்புகிற தண்ணீரை ஒவ்வொரு கேனாகப் பார்த்துத்தான் ஏற்றுகிறேன். அது என்னிடமிருந்து வரவில்லை.

வேறு என்ன போட்டீர்கள்? ஹால் துடைக்கிறவர்கள் ஏதாவது தெளிக்கிறார்களா? எது, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

ம. அருணாதேவி


சிவகாசி
19.7.2007

அருணாதேவிக்கு,

ஒன்றும் போடவில்லை. நீ சொன்ன தண்ணீர், நீ சொன்ன இரை, அவ்வளவுதான். லாரி நிற்கிறது. தனுஷ்கோடி ஹாரன் அடிக்கிறார்.

நைட்ரேட் 5. மஞ்சள்தான்.

காமராஜ்


தூத்துக்குடி
25.7.2007

போர்மேன் அவர்களுக்கு,

"ஒன்றும் போடவில்லை." "ஒண்ணும் சொல்லலை." இரண்டும் ஒரே வாய்.

இந்த வாரம் கேன் அனுப்பக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஏற்றியாகிவிட்டது. வாயில்லாத உயிர்கள், உங்கள் மேல் இருக்கிற கோபத்தை அவற்றின் மேல் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதுதான் கடைசி. என்ன போட்டீர்கள் என்று எழுதாதவரை இனி தண்ணீரும் இல்லை, பதிலும் இல்லை.

அன்றைக்கு விசாரணை முடிந்து வெளியே வந்தபோது நீங்கள் வேப்பமரத்தடியில் நின்று பீடி பற்ற வைத்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். கிட்டே வந்து "என்ன பண்ணச் சொல்லுத, பொழப்பைப் பாக்கணும்லா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட நான் தூத்துக்குடிக்கு வந்திருக்க மாட்டேன். பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்குச் சோறு ஊட்டி வளர்த்த அண்ணன்தான் நீங்கள். அதனால்தான் ஆறவில்லை.

அருணாதேவி


அச்சங்குளம்
2.8.2007

அருணா,

போன வாரம் கேனை வாங்கிக்கொண்டு பதில் போடாமல் லாரியை அனுப்பினேன். இன்று விடிந்ததும் செல்லக்கனி உன் கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கும் இப்படித்தான் வாயைக் கட்டிட்டு இருந்தீக. அவ வீட்டை விட்டுப் போனா. இன்னும் யாரு போகணும்?" நாளை ஆடிப் பதினெட்டு. பவளம் பாதி வெள்ளையாகிவிட்டது. நாளைக்கு டீலர்கள் முன்னால் எனக்கு மானம் போகப் போகிறது. அது போகட்டும்.

எழுதுகிறேன். சென்னைக்காரன் காகிதத்தில் ஸ்ட்ரான்சியம் போட்டால் பவளம் நன்றாக வளரும் என்று இருந்தது. ஒரு பாட்டில் சென்னையில் எண்ணூறு ரூபாய் என்றார்கள். அதே உப்பு ஸ்டோரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, ஸ்ட்ரான்சியம் நைட்ரேட், நாம் பார்க்காத உப்பா என்று நினைத்தேன். ஜூன் 29, ஜூலை 6, ஜூலை 13. ஒவ்வொரு தடவையும் இருபது கிராம், ஸ்டோர் தராசில் நிறுத்து, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பழைய மூட்டைக்குக் கணக்கு இருக்கிறது, எடுத்தால் குறைவது தெரியும். அதனால் மே மாதம் வந்த புது லோடில், இன்னும் ரிஜிஸ்தரில் ஏறாத மூட்டையில் எடுத்தேன். திருட்டுத்தான். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் செய்தேன். உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற வீம்பு. போதுமா?

மற்ற எண்கள் மாறவில்லை. நைட்ரேட் 5, இன்றும் மஞ்சள்.

எப்படியாவது காப்பாற்ற வழி இருந்தால் சொல். சனிக்கிழமையிலிருந்து எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. பழைய சிவப்பு உப்பு தீர்ந்துவிட்டது. ஆடிப் பதினெட்டு பூஜை லீவு முடிந்து சனி காலை எட்டரை மணிக்குப் புது லோடை உடைத்து முதல் கலவை போடுகிறோம். பதினாலாம் நம்பர் ஷெட்டில் மருந்து அடைக்க ஆள் பற்றவில்லை என்று செல்லக்கனியும் வருகிறாள்.

காமராஜ்


அச்சங்குளம், ஃபேக்டரி கேட்
4.8.2007, காலை 7.40

அண்ணே,

இதைக் கொண்டுவருகிற வாட்ச்மேனை நிற்க வைத்துப் படியுங்கள்.

புது லோடு மூட்டையைக் கலவைக்கு எடுக்காதீர்கள். அது ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் இல்லை.

நீங்கள் போட்டது நைட்ரேட்டாக இருந்தால் மூன்று தடவைக்கும் சேர்த்து, மாற்றிய தண்ணீரைக் கழித்தாலும், தொட்டியில் நைட்ரேட் இருபதுக்குக் குறையாது. குழாய் சிவப்புப் பக்கம் போயிருக்க வேண்டும். உங்கள் குழாய் கடைசிவரை மஞ்சளாகவே இருந்தது. பாசி தின்றிருக்கும் என்று சொல்லவும் வழியில்லை, பாசியே இல்லை. கிட் தப்பில்லை, என் பாட்டிலுக்குச் சரியாகக் காட்டியது. நீங்கள் பார்த்ததும் தப்பில்லை. அப்படியென்றால் மூட்டைதான் தப்பு.

வெள்ளை உப்பு, தண்ணீரில் கரைகிறது, நைட்ரேட் இல்லை, மீனை விட்டுவிட்டுப் பாசியை மட்டும் கொல்கிறது. களைக்கொல்லியாகத் தெளிக்கிற சாமான் அது. குளோரேட். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போக வேண்டிய லோடு உங்களுக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கலவையில் கந்தகம் இருக்கிறது. கந்தகத்தோடு குளோரேட் சேர்ந்தால் சல்லடையில் உரசுகிற உரசலே போதும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கடிதம் வியாழன் சாயந்தரமே வந்தது. நான் பிரிக்கவில்லை. இன்னொரு பொய்யைப் படிக்கத் தெம்பில்லை என்று பைக்குள் போட்டுவிட்டேன். நேற்று ராத்திரிதான் பிரித்தேன். ஆபீஸ் போன் எடுக்க ஆளில்லை. உங்கள் நம்பரைத்தான் நான் கிழித்துப் போட்டேனே. முதல் பஸ்ஸில் வந்தேன். வாட்ச்மேன் உள்ளே விட மாட்டேன் என்கிறார், என் பெயர் இன்னும் தடை லிஸ்டில் இருக்கிறதாம். போனையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்கிறார்.

என் கணக்கு தப்பாக இருந்தால் ஒரு நாள் வேலை நஷ்டம். சரியாக இருந்தால் பதினாலாம் நம்பர் ஷெட்டில் நாலு பேர், அதில் ஒருத்தி மதினி.

மூட்டையைத் தொட வேண்டாம், பரிசோதிக்கவும் வேண்டாம். ஆட்களை வெளியே எடுங்கள். நிறுத்தினேன் என்று இந்தத் தாளின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எட்டேகாலுக்குள் வராவிட்டால் நான் கேட்டில் ஏறிக் குதிப்பேன்.

அருணா


(அதே தாளின் பின்புறம்)

4.8.2007, காலை 8.05

நிறுத்திவிட்டேன். மூட்டை உடைக்கவில்லை. எல்லா ஷெட்டும் காலி. செல்லக்கனி வெளியே வந்துவிட்டாள்.

ம. காமராஜ், போர்மேன்


அச்சங்குளம்
9.8.2007

அருணா,

அன்றைக்கு எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டுக்கு ஓடி வந்தேன். நீ போய்விட்டாய். தாளைப் பார்த்ததும் பஸ் வருகிற பக்கம் நடந்துவிட்டாய் என்று வாட்ச்மேன் சொன்னார். நீ நின்றிருந்தால் உன் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். சனி முழுக்க வேலை நின்றதில் அவருக்குத் தலை வெடித்தது. மீன் தொட்டியில் பார்த்த எண்ணுக்காகக் கலவையை நிறுத்துவாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மதுரையிலிருந்து ஒரு லேப் ஆளை வரவழைத்தோம். திங்கட்கிழமை முடிவு வந்தது. பொட்டாசியம் குளோரேட். மூட்டையில் குத்தியிருந்தது ஸ்ட்ரான்சியம் நைட்ரேட், உள்ளே இருந்தது அது. பதினெட்டு மூட்டை, பதினெட்டும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒரே குடோனிலிருந்து ஏற்றுகிற சப்ளையர், எங்கேயோ லேபிளை மாற்றிக் குத்தியிருக்கிறான்.

அதைக் கேட்டதும் ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சல்லடை, பிரம்புக் கூடை, செல்லக்கனியின் பச்சைச் சேலை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. அறுபது கிராமைத் திருடினதை உன்னிடம் ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் யாரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்? தூக்க ஏதாவது மிஞ்சியிருக்குமா? தொட்டி விஷயம்தானே என்றுதான் இரண்டு வாரம் மறைத்தேன்.

முதலாளி தனியாகக் கூப்பிட்டார். மூட்டையைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பிவிடலாம், சீசன் நேரம், ரிஜிஸ்தரில் எழுத வேண்டாம் என்றார். அவர் சொன்னது எனக்கு என் குரலிலேயே கேட்டது. ஸ்டோர் வாசலில் உன்னிடம் நான் சொன்ன அதே வார்த்தை, சீசன் முதற்கொண்டு.

எழுதினேன். நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பத்தி இந்த நான்காம் தேதி நடந்தது. இரண்டாவது பத்தியை நீயே படித்துக்கொள்:

"12.8.2005 அன்று கெமிஸ்ட் ம. அருணாதேவி, அலுமினியப் பொடி ஈரமாக இருப்பதாகவும் கலவைக்கு எடுக்கக் கூடாது என்றும் என்னிடம் நேரில் சொன்னார். எழுத வேண்டாம் என்று தடுத்தது நான். மறுநாள் கருத்தப்பாண்டிக்கு ஏற்பட்ட காயத்துக்கு நானே பொறுப்பு. விசாரணையில் நான் சொன்னது பொய். ம. காமராஜ், போர்மேன்."

அந்தப் பக்கத்தை நானே கொண்டுபோய் அன்றைக்கு விசாரணை நடத்திய அதிகாரியிடம் கொடுத்தேன். மறுபடி விசாரணை வைப்பார்களாம். மறுநாள் என்னைக் கேட்டுக்குள் விடவில்லை. தடை லிஸ்டில் உன் பெயருக்குக் கீழே இப்போது என் பெயர். செல்லக்கனி அதைக் கேட்டுச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். வேலை போனதற்கு இல்லை என்று சொன்னாள்.

தொட்டியை முதலாளி காலி பண்ணச் சொல்லிவிட்டார். டீலர்கள் முன்னால் வெள்ளைப் பவளம்தான் நின்றது, ஆனால் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஐந்து மீனை ஆபீஸ் பையன்கள் கக்கூஸில் ஊற்றப் போனார்கள். நான் வாங்கி வந்து வீட்டில் பழைய கண்ணாடிப் பெட்டியில் விட்டிருக்கிறேன். கல்லும் மணலும் அந்தத் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தேன், தண்ணீர் மட்டும் நீ கடைசியாக அனுப்பிய கேன். நேற்று முதல் கண்ணாடியில் லேசாகப் பச்சை தெரிகிறது. தேய்க்கவில்லை.

ஹைட்ரோமீட்டர் 1.025. நைட்ரேட் 5. இந்த மஞ்சளை இப்போதெல்லாம் இரண்டு தடவை பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எழுத்தில் கேட்கிறேன்.

உன் அண்ணன்
காமராஜ்


தூத்துக்குடி
13.8.2007

அண்ணனுக்கு,

நகலைப் பலமுறை படித்தேன். பண்ணையில் யாருக்கும் காட்டவில்லை. என் பெயருக்கு முன்னால் கெமிஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் அழுதேன்.

கேட்டில் நான் ஏன் நிற்கவில்லை என்று கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் சொல்கிறேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகும் நின்றிருந்தால் வாட்ச்மேன் முன்னால் அழுதிருப்பேன். அவ்வளவு வீம்பு எனக்கும் இருக்கிறது. அந்தக் கடிதத்தை ஒரு நாள் பிரிக்காமல் வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை. பொய் உங்களுடையது என்றால் அந்த ஒரு நாள் என்னுடையது.

மன்னித்தேன் என்று எழுத இப்போது கை வரவில்லை. அதை முதலில் சொல்ல வேண்டியவன் கருத்தப்பாண்டி. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் போக வேண்டும். அவனால் தாளைப் பிடிக்க முடியாது. அந்தப் பக்கத்தை நீங்கள்தான் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன்.

மீன்களுக்கு இரண்டு கேன் நானே கொண்டுவருகிறேன். எங்கள் பண்ணையில் தண்ணீர் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்கிறார்கள். நிறம் பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள்.

எந்த பஸ், எத்தனை மணி என்று எனக்கே இன்னும் தெரியாது. சாத்தூரில் இறங்கியதும் கூப்பிடுகிறேன். உங்கள் போன் நம்பரை இன்னொரு தடவை எழுதி அனுப்புங்கள்.

அருணா